கெய்துவாவின் மட்டமான தண்ணீர்

சொல்கிறவர் தம் சொல்லைத் தாமே நம்புகிறாரா என்பதை உள்ளமானி அளக்கும். அதற்கு மேல் எதையும் அளக்காது. தலையைச் சுற்றிப் பொருத்தும் வளையம் ஒன்று, மேசைமேல் வைக்கும் விளக்கு ஒன்று. நம்பிச் சொன்னால் பச்சை எரியும். நம்பாமல் சொன்னால் மஞ்சள். சொன்னது உண்மைதானா என்பதை நீதிபதிதான் பார்த்துக்கொள்ளவேண்டும். இந்த வேறுபாட்டை ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் விளக்குவது இயக்குநரின் கடமை. கருவியைப் பதினோர் ஆண்டுகளாக இயக்கிவந்த திருமேனி அதை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை; ஒரு சொல்லை மாற்றியதும் இல்லை.

கருவி நல்ல நோக்கத்துடன்தான் நீதிமன்றங்களுக்குள் வந்தது. பத்திரமும் பட்டாவும் வைத்திருந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. எழுத்தில் எதுவுமில்லாத மக்கள் தம் நிலத்தையும் நீரையும் பற்றி வாயால் சொல்வதைச் சான்றாக ஏற்க ஒரு வழி வேண்டியிருந்தது. இந்த நூற்றாண்டின் எழுபதுகளில் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள வறண்ட நாடுகள் கூடி நீருரிமைத் தீர்ப்பாயத்தை நிறுவியபோது, அதன் முதல் விதியாக எழுதப்பட்டது இது: உள்ளமானியின் முன் சொல்லப்படும் வாய்மொழி பத்திரத்துக்கு நிகராகும். ஒரு சாட்சிக்குப் பத்து மஞ்சள் விழுந்தால் அவருடைய சாட்சியம் முழுவதும் தள்ளப்படும் என்பது அதே விதியின் பிற்பகுதி.

கமுதியிலிருந்து சென்று அந்தத் தீர்ப்பாயத்தில் இயக்குநராகச் சேர்ந்த திருமேனி, ஓர் அக்டோபர் மாதத்தில், நமீபியாவின் கிழக்கு எல்லையை ஒட்டிய கெய்துவா என்னும் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டார். கடற்கரையிலிருந்து இரண்டு நாள் பயணம். கரையோரத்தில் குளிர்ந்த நீரோட்டம் மழைமேகத்தைக் கூட விடுவதில்லை. அங்கே காலையில் மூடுபனி வரும், பத்து மணிக்குப் போய்விடும். நடுநாட்டின் மேட்டைக் கடந்து கிழக்கே இறங்கினால் கலகாரி. அங்கே மழை உண்டு. எந்த ஆண்டு வரும் என்பதற்குத்தான் உறுதியில்லை. வந்தாலும் விழுந்த இடத்திலேயே மணல் அதைக் குடித்துவிடும். ஆறுகள் ஓடிய தடங்கள் இருக்கின்றன, ஆறுகள் இல்லை. நாற்பது மீட்டர் ஆழத்துக்கும் வேர் இறக்கிய முள்மரங்கள் ஒன்றுக்கொன்று எட்டி நிற்கின்றன.

கடற்கரை நகரத்தின் சார்பில் உடன் வந்த நீரியல் வல்லுநர் கவாரி, வழியில் வழக்கைச் சொல்லிக்கொண்டு வந்தார். கடற்கரை நகரத்தில் இருபது லட்சம் பேர் இருந்தனர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் அவர்களுக்குப் போதவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வரும். கவாரியின் இரட்டைப் பெண்கள் புதனும் சனியும் குளித்தனர். கலகாரியின் அடியில் பழைய நீர் உண்டு என்பது தெரிந்ததே. அதை எடுக்க இரண்டு இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஒன்று வடக்கே, ஆளில்லாத பகுதி. அங்கே துளையிட்டுப் பார்த்தாகிவிட்டது, நீர் சுமார். மற்றொன்று கெய்துவா.

"அங்க சுண்ணாம்புப் பாறை எங்க கருவி அனுப்புற அலையை அப்படியே திருப்பி அனுப்பிடுது. கீழ ஏரி இருக்கா, வெறும் ஈரம் இருக்கா, தெரியாது" என்றார் கவாரி. "இருந்தா அது பன்னிரண்டாயிரம் வருஷத்து மழை. இந்த இடமெல்லாம் அப்போ சதுப்பு நிலம். அந்த மழையில நனைஞ்சவங்களோட வழியில வந்தவங்கதான் இப்போ மேல இருக்காங்க."

அவர்கள் சான் மக்கள். அந்நாட்டின் ஆதிக்குடிகளில் ஒரு பிரிவினர். கெய்துவாவில் நூற்று அறுபது பேர். பாறைப் பிளவு ஒன்றில் ஊறும் நீரே அவர்களுக்கு எல்லா ஆண்டும் ஆதாரம். தீர்ப்பாயத்தின் நான்காம் விதி அவர்களுக்குச் சாதகமானது: வறட்சியில் ஒரு மக்களுக்கு எஞ்சும் ஒரே நீரை வேறெவரும் தொடக்கூடாது. அந்த விதிக்கு ஓர் உட்பிரிவும் உண்டு. அந்நீர் அவர்களுடைய தேவைக்கு மிக அதிகமென்று நிறுவப்பட்டால், மிகுதி நாட்டுக்குப் பொது. மண்ணுக்கடியில் இருப்பதன் அளவை வாய்மொழியால் நிறுவ யாராலும் இயலாது என்பதால், அந்த உட்பிரிவு அதுவரை ஒருமுறையும் பயன்பட்டதில்லை.

திருமேனியின் காதிலிருந்த மொழிபெயர்ப்பி அவருடைய வீட்டுப் பேச்சைக் கேட்டுப் பழகியது. ஆகவே கெய்துவாவின் மக்கள் அனைவரும் அவருக்குக் கமுதித் தமிழில் பேசினார்கள். உறவுச் சொல்லையும் அதுவே தேர்ந்தெடுத்தது. வெளியாளானாலும் ஓர் உறவில் பொருத்தியே பேசுவது அம்மக்களின் வழக்கம். சில உறவினரிடம் கேலி பேசலாம், சிலரிடம் கூடாது. வேட்டைக்குத் தடம் பார்ப்பவரான தாபே, திருமேனி வந்த அன்றே அவரைக் கேலி உறவில் சேர்த்துக்கொண்டார். மொழிபெயர்ப்பி அதை ‘மச்சான்’ என்று வைத்தது.

திருமேனி ஆறு கிலோ புகையிலை கொண்டுபோயிருந்தார். விசாரித்து வாங்கிய உயர்ந்த சரக்கு. தாபே ஒரு கிள்ளு எடுத்து முகர்ந்தார்.

"இதுக்கா மச்சான் ரெண்டு நாளு வண்டியில குலுங்கிக்கிட்டு வந்தீக? இத எலி மோந்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிருமே."

சுற்றியிருந்தவர்கள் அதை ஆமோதித்தார்கள். ஒரு கிழவர், இப்படி மட்டமான புகையிலையைத் தம் வாழ்நாளில் கண்டதில்லை என்று சொல்லியபடியே இரண்டாவது முறை கை நீட்டினார். திருமேனிக்கு முகம் சிறுத்துவிட்டது. மாலைக்குள் அது சரியாயிற்று. வேட்டைக்குப் போன இருவர், தனியே தூக்க முடியாத கொழுத்த மான் ஒன்றை மரத்தடியில் போட்டுவிட்டு வந்து, ஒன்றும் அகப்படவில்லை, ஏதோ சின்னதாக ஒன்று என்று முணுமுணுத்தார்கள். தூக்கப் போனவர்கள், இந்த எலும்புக்கூட்டுக்காகவா தங்களை வெயிலில் இழுத்தடித்தது என்று திட்டிக்கொண்டே மூச்சு வாங்கச் சுமந்து வந்தார்கள்.

தாபே விளக்கினார். நல்லதை நல்லது என்று சொன்னால், வைத்திருப்பவனுக்குத் தலைக்கனம் வரும். பார்க்கிறவனுக்கு ஆசை வரும். இரண்டுக்கும் மருந்தில்லை. ஆகவே தங்கள் கைக்கு வந்த எதையும் மட்டம் தட்டுவதே மரியாதை.

"அப்போ எதையுமே புகழமாட்டீங்களா?" என்று திருமேனி கேட்டார்.

"ஏன், அடுத்தவுகளோடத வாயாரப் புகழுவோம். ஒங்க வண்டி இருக்கே, அம்புட்டு அழகு மச்சான். நமக்கில்லைனு ஆனதப் புகழுறதுல என்ன நட்டம்?"

திருமேனிக்கு இது புதிதாகப் படவில்லை. பதினாறு வகை சமைத்துப் பரிமாறிவிட்டு, ஒன்றும் செய்யவில்லை, ஏதோ இருந்ததை வைத்தேன் என்று சொல்பவர் அவருடைய தாயார். அதை நம்பிய விருந்தாளி எவரும் இல்லை.

அந்த நீரின் பொறுப்பு கூஷே என்னும் பெண்ணிடம் இருந்தது. ஐம்பது வயது கடந்தவர். பிறர் அங்கே நீர் எடுக்க அவரிடம் கேட்கவேண்டும். கேட்டவருக்கு அவர் மறுக்கக்கூடாது. கேளாமல் எடுக்கவும் கூடாது. சாட்சி அவரே. விசாரணை முடியும்வரை தீர்ப்பாயத்தார் நீர்நிலையைப் பார்க்கக்கூடாது என்பது விதி. ஆயினும் வந்தவுடன் தீக்கோழி முட்டையோட்டில் குடிக்கக் கொடுத்தார்கள். அவ்வளவு இனிய நீரைத் திருமேனி குடித்ததில்லை.

"கால் கழுவத்தேன் ஆகும். வேற வழி இல்லாமக் குடுக்கிறோம், தம்பி" என்றார் கூஷே.

மறுநாள் காலை முள்மரத்தடியில் கூடாரம் கட்டி அமர்வு தொடங்கியது. நீதிபதி ஹிலெனி வடபகுதியைச் சேர்ந்தவர், பொறுமைசாலி, அங்குள்ளோர் அவரை ‘மேமே’, அதாவது அம்மா, என்று அழைத்தனர். திருமேனி தம் விளக்கத்தைச் சொல்லி முடித்து, கூஷேயின் தலையில் வளையத்தைப் பொருத்தினார்.

பெயர் கூஷே. பச்சை. தாயும் தாயின் தாயும் இங்கேதான் பிறந்தார்கள். பச்சை. வேற்றாள் வந்து தண்ணீர் கேட்டால் இல்லையென்று சொன்னதில்லை. பச்சை.

"அந்தத் தண்ணியப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி.

கூஷே கூடாரத்தைச் சுற்றிப் பார்த்தார். அயலார் முப்பது பேர் இருந்தனர்: எழுத்தர்கள், ஓட்டுநர்கள், நீரை நகரத்துக்குக் கொண்டுபோகக் காத்திருந்த குழாய் நிறுவனத்தின் வழக்கறிஞர்கள்.

"அதெல்லாம் ஒரு தண்ணியா? ஏதோ கல்லு இடுக்குல கசியுது."

மஞ்சள்.

"உப்புக் கரிக்கும். நாக்குல வைக்க ஏலாது."

மஞ்சள்.

ஒரு முட்டையோட்டை நிரப்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்றார். முப்பது பேர் சேர்ந்து வந்தால் வற்றிவிடும் என்றார். தம் தாயார் காலத்திலிருந்து ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே போகிறது என்றார். மழை மூன்றாண்டு பொய்த்தால் அடியில் சேறுதான் தெரியும் என்றார். மேலும் சில குறைகளையும் அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் விளக்கு மஞ்சளாக எரிந்தது. பின்வரிசையில் இருந்த தாபேயும் மற்றவர்களும் நிறைவோடு தலையசைத்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் நீரைப் பற்றி இவ்வளவு நாகரிகமாகப் பேச வேறு எவராலும் முடியாது என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. ஒன்பதாவது மஞ்சள் விழுந்ததும் நீதிபதி எழுதுவதை நிறுத்தி, அமர்வை மறுநாளைக்கு ஒத்திவைத்தார். குழாய் நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒருவர் தம் காகிதங்களை முன்னதாகவே அடுக்கத் தொடங்கியிருந்தார்.

அன்று பிற்பகல் திருமேனி கூஷேயின் குடிலுக்குச் சென்றார். இயக்குநர் சாட்சியிடம் தனியே பேசுவதை விதி தடுக்கவில்லை. என்ன சொல்லவேண்டும் என்று கற்பிப்பதைத்தான் தடுத்தது. ஆகவே கருவியின் தன்மையை மட்டும் மீண்டும் விளக்கினார். இன்னும் ஒரு மஞ்சள் விழுந்தால் கெய்துவாவுக்குச் சாட்சியே இல்லாமல் போகும். சாட்சி இல்லாத நீருக்கு நான்காம் விதியின் காப்பு இல்லை.

கூஷே முட்டையோட்டில் மணிகள் அறுத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"காப்பு இல்லேன்னா என்ன செய்வாக?"

"யார் வேணும்னாலும் துளை போடலாம்."

"எதுக்குப் போடப் போறாக? மட்டமான தண்ணின்னுதேன் அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொல்லிட்டேனே."

"நீங்க சொன்னது பொய்னு விளக்கு சொல்லுதே, அக்கா."

"ஒங்க ஆத்தா சோத்தப் போட்டுட்டு ஒண்ணுஞ் செய்யலேன்னு சொல்வாகன்னு தாபேகிட்டச் சொன்னீகளாமே. அவுக தலையில அந்த வளையத்த மாட்டிப் பாத்தீகளா?"

திருமேனி சிரித்தார். கூஷேயும் சிரித்தார். பிறகு அறுத்த மணியைத் துணியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்களுக்குத் தெரிஞ்ச காலத்துலருந்து இங்கிட்டு எத்தனையோ பேரு வந்து போயிட்டாக, தம்பி. மாடு ஓட்டிக்கிட்டு வந்தாக, துப்பாக்கியோட வந்தாக, கல்லுத் தோண்ட வந்தாக. எல்லாரும் கேட்டாக, எல்லாருக்கும் குடுத்தோம். மட்டமான தண்ணின்னு சொல்லித்தேன் குடுத்தோம். குடிச்சுட்டுப் போயிட்டாக. ஒருத்தரும் தங்கல. நீங்களும் குடிச்சீகள்ல? விட்டுருங்க."

திருமேனியால் விட இயலவில்லை. பதினேழாம் விதி ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருந்தது: விளக்கை எப்போதும் ஒரே நிறத்துக்குத் தள்ளும் காரணம் ஏதேனும் இயக்குநருக்குத் தெரியவந்தால், அவர் அதைத் தீர்ப்புக்கு முன் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். அது அவருடைய கடமை. அத்துடன், அந்தப் பெண்ணுக்குப் பொய்ச்சாட்சி என்ற பெயர் வருவதை அவர் விரும்பவில்லை. ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். கெய்துவா மக்கள் தம் உடைமையைத் தாழ்த்திக் கூறுவது மரியாதை; அதைக் கேட்பவர் எவரும் அப்படியே கொள்வதில்லை; ஆகவே அங்கே ஏமாற்றும் எண்ணம் இல்லை; சாட்சியின் ஒன்பது கூற்றுகளையும் எதிர்நிலையில் வாசிப்பதே சரியான வாசிப்பு. வாக்கியங்களை இரண்டுமுறை சரிபார்த்தார். ஒரு காற்புள்ளியை நீக்கினார்.

காலையில் நீதிபதி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பெரிய பாரம் இறங்கியவர்போல, இதைத் தாமே உணர்ந்திருக்கவேண்டும் என்றார். தம் பாட்டன் ஊரிலும் மாட்டைப் பற்றி இப்படித்தான் பேசுவார்களாம். குறிப்பை அவையில் உரக்கப் படிக்கச் செய்து, கூஷேயிடம் அதைப் பற்றிக் கேட்டார்.

கூஷே வளையத்துடன் தலையைத் திருப்பித் திருமேனியைப் பார்த்தார்.

"அந்தத் தம்பி நல்ல மனுசன்" என்றார்.

பச்சை.

"அவரு எழுதுனது தப்பு."

மஞ்சள்.

"எதுக்கும் ஆகாத தண்ணி அது."

மஞ்சள்.

பத்தும் பதினொன்றும் விழுந்தன. குறிப்பு ஏற்கப்பட்டுவிட்டதால் அவை எண்ணப்படவில்லை. கூஷே பொய்ச்சாட்சி அல்லர் என்று நீதிபதி பதிவு செய்தார். திருமேனி மேசைக்கடியில் தம் விரல்களைத் தளர்த்தினார்.

அப்போது கவாரி எழுந்தார். குரலை உயர்த்தவில்லை, ஒரு விளக்கம் மட்டும் வேண்டும் என்றார். எதிர்நிலையில் வாசிப்பதென்றால், அந்த நீர் உப்புக் கரிப்பதில்லை. முட்டையோடு உடனே நிரம்பிவிடுகிறது. எத்தனை பேர் வந்தாலும் வற்றுவதில்லை. சாட்சியின் தாயார் காலத்திலிருந்து மட்டம் இறங்கவே இல்லை. மூன்றாண்டு மழை பொய்த்தும் அடி தெரிவதில்லை. தம் கருவிகளால் அறிய முடியாத அனைத்தும் இதில் உள்ளன. மழையைச் சாராமல், இறங்காமல், உப்பின்றி ஊறும் நீர் என்றால், கீழே இருப்பது ஈரமன்று, ஏரி. நான்காம் விதியின் உட்பிரிவுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது.

குழாய் நிறுவனத்தின் வழக்கறிஞர் அடுக்கியவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி இயக்குநரையே சாட்சியாக அழைத்தார். திருமேனி தம் கையாலேயே வளையத்தைத் தம் தலையில் பொருத்திக்கொண்டார்.

"கவாரி சொன்ன வாசிப்புல பிழை இருக்கா?"

அவர் தேடினார். கடமையாக அன்றி, வேண்டுதலாகத் தேடினார். ஒன்பது கூற்றுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கவாரி ஒரு சொல்லையும் மிகைப்படுத்தியிருக்கவில்லை.

"இல்லை" என்றார்.

பச்சை.

தீர்ப்பு அன்று மாலைக்குள் எழுதப்பட்டது. அது கொடுமையான தீர்ப்பு என்று எவராலும் சொல்ல இயலாது. நூற்று அறுபது பேருக்கும் அவர்கள் சந்ததிக்கும் முதல் உரிமை. ஆறு குழாய்கள், ஒரு தொட்டி, என்றென்றும் இலவசம். மிகுதி கடற்கரைக்கு. நீரின் பொறுப்பாளர் இனித் தீர்ப்பாயம். நீர் எடுக்க விரும்புவோர் அதனிடம் விண்ணப்பிக்கவேண்டும். கூஷேயின் சாட்சியம் முன்மாதிரியானது என்று நீதிபதி தனியே ஒரு பத்தி எழுதியிருந்தார்.

பாறைப் பிளவு என்னவாகும் என்று திருமேனி கவாரியிடம் கேட்டார். கவாரி மறைக்கவில்லை. ஐந்தாறு ஆண்டில் நீர்மட்டம் பிளவுக்குக் கீழே போய்விடும், குழாய்கள் அதற்காகத்தான். முள்மரங்களின் வேர் பின்தொடருமா என்பது தெரியாது. நகரத்துக்கு இந்த நீர் அறுபது ஆண்டுகள் வரும். அதன்பின் இந்த ஏரியை நிரப்பத்தக்க மழை பூமியில் இல்லை.

"என் பெண்களுக்கு இப்போ ஒன்பது வயசு" என்றார் அவர்.

மறுநாள் காலை வண்டிகள் புறப்பட்டன. தாபே சாமான்களை ஏற்ற உதவினார். உள்ளமானியின் பெட்டியை இரு கைகளாலும் தாங்கிக் கவனமாக உள்ளே வைத்தார். அது கனக்கிறதென்றோ, இதற்குள் என்ன ஆமையா என்றோ சொல்லவில்லை. மற்றவர்களும் வரிசையாக நின்றார்கள். திருமேனி ஏதாவது கேலி வரும் என்று காத்திருந்தார்.

"எல்லாத்தையும் வச்சாச்சுங்க, ஐயா" என்றார் தாபே.

மொழிபெயர்ப்பி பழுதாகிவிட்டதோ என்று திருமேனி காதிலிருந்து எடுத்துத் துடைத்து மீண்டும் பொருத்தினார். பழுதில்லை. முறை மாறியிருந்தால் சொல்லும் மாறும். அது அவ்வாறு அமைக்கப்பட்ட கருவி.

வழியில் குடிக்க நீர் வேண்டியிருந்தது. அவருடைய புட்டி காலியாக இருந்தது. தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கவேண்டிய நடைமுறை இன்னும் தொடங்கவில்லை. ஆகவே பழைய வழக்கப்படி கூஷேயிடம் சென்று கேட்டார். கூஷே மறுக்கவில்லை. புட்டியை வாங்கி, முட்டையோட்டிலிருந்து ஒரு துளி சிந்தாமல் நிரப்பி, மூடியைத் திருகி, இரு கைகளாலும் நீட்டினார்.

"நல்ல தண்ணிங்க, ஐயா" என்றார். "ரொம்ப நல்ல தண்ணி."